மஞ்சக்கல் வளைவில் நின்ற பாண் வேன்

கஸ்பரின் பாண் வேன் மஞ்சக்கல் தோட்டத்து வளைவில் முதன்முதலாகக் கொதித்து நின்ற அன்று, மலை முழுக்க மூடுபனி இறங்கிக் கிடந்தது. வேனின் மூக்கிலிருந்து எழுந்த ஆவி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இறங்கி நின்ற கஸ்பருக்குத் தன் கால்களே அரைகுறையாகத்தான் தெரிந்தன. எஞ்சினுக்குள் தண்ணீர் குமுறும் சத்தமும், பாறையில் செருகிய தகரக் குழாயிலிருந்து பீலித் தண்ணீர் விழும் சத்தமும் மட்டும் கேட்டன.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துறீங்களா? புகை உள்ள வருது. புள்ளைங்க தூங்குதுங்க."

"புகை இல்லீங்க, ஆவிதான். இப்போதைக்குத் தள்ள முடியாது. கொதிச்சுப் போச்சு."

அவள் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டாள். "சோத்துப் பானை மாதிரியில்ல சத்தம் போடுது," என்றாள். உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துவந்து பீலியில் பிடித்தாள். தூக்கிக்கொண்டு நேராக வேனிடம் போனவளைக் கஸ்பர் கை நீட்டித் தடுத்தான்.

"இப்ப ஊத்தக் கூடாதுங்க. சூட்டுல பச்சத்தண்ணி பட்டா எஞ்சின் வெடிச்சிரும். ஆறட்டும்."

"எப்ப ஆறும்?"

"அதுக்கு மனசு வரணும்."

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. பனி குறுக்கே வந்துவிட்டது. ஆனால் வாளியை வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வரும்போது ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

வளைவின் மேட்டில் இருந்த வெள்ளையடித்த கட்டடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். கூரை மரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். அவற்றை ஆட்டி, பால் கரைத்துக் கொடுத்து, மூக்கைத் துடைத்துவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் பகல் முழுக்கத் தாயாக இருந்தவள் நாகலெட்சுமி. கல்யாணமாகி ரெண்டு வருசத்தில் புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், அண்ணன் செல்லசாமியின் காம்பராவிலேயே இருந்துகொண்டவள். முப்பதைத் தாண்டியிருந்தாள்.

கஸ்பர் ஹட்டன் பேக்கரி ஒன்றின் வேனை ஓட்டினான். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். பேக்கரிக்குப் பின்னால் ஓர் அறை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே பாண் ரொட்டி ஏற்றிக்கொண்டு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டக் கடைகள். கல்யாணம் என்ற பேச்சு அவன் அம்மாவோடு போய்விட்டது. அது இல்லையே என்று அவன் வருந்தியதும் கிடையாது. மலை ஏறும்போது பின்னாலிருந்து சூடான பாண் மணமும், முன்னாலிருந்து பச்சைக் கொழுந்து மணமும் வந்து நடுவில் சந்திக்கும். அந்த மணத்துக்குள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆள்.

அந்த வருசம்தான் வேனுக்கு எஞ்சின் மாற்றினார்கள். வெள்ளைத் துரைமார் காலத்து ஒஸ்டின் வேன் அது. அதன் பழைய பெட்ரோல் எஞ்சின் தேய்ந்து, ஏற்றத்தில் இருமி இருமி நின்றது. எண்பதாம் ஆண்டில் கொழும்பில் ஜப்பான்காரனின் பழைய டீசல் எஞ்சின்கள் வந்து குவிந்திருந்தன. முதலாளி அதில் ஒன்றை வாங்கிவர, கராஜ் வைத்திருந்த கணேசமூர்த்தி பாஸ் அதைத் தூக்கி ஒஸ்டினின் வயிற்றுக்குள் இறக்கினார். எஞ்சின் ஒரு சாண் நீளம் கூடிப்போனது. அதன் முன்னாலிருந்த விசிறி ரேடியேட்டரில் போய் முட்டியது. பாஸ் யோசித்துப் பார்த்துவிட்டு விசிறியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இந்தக் குளிருக்கு எதுக்குய்யா விசிறி? எதிர்க்காத்தே போதும்," என்றார்.

சமதரையில் போதுமாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சக்கல் ஏற்றத்தில் வேன் ஆமை மாதிரி ஊரும்போது எதிர்க்காற்று எங்கிருந்து வரும்? வளைவுக்கு வரும்போது சூடு காட்டும் முள் சிவப்பில் படுத்துவிடும். அங்கே நின்று ஆறிவிட்டுப் போனால், மேலே கடைசிக் கடைக்கு முன்னால் இன்னொரு தடவை கொதிக்கும்.

இப்படியாக அந்த வளைவு கஸ்பருடைய நாளில் ஓர் இடம் ஆனது. எஞ்சின் ஆறும்வரை அவன் காம்பராவின் படியில் உட்கார்ந்திருப்பான். நாகலெட்சுமி உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசுவாள். கதவு பாதி திறந்திருக்கும். அவள் குரல் வரும், ஆள் தெரியமாட்டாள். சில நாள் பனி உள்ளேயும் புகுந்து தொட்டில்களுக்கு நடுவே நடமாடும். அப்போது, மிதக்கிற ஏதோ ஒரு வீட்டின் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல் அவனுக்கு இருக்கும்.

பெரிதாக என்ன பேசினார்கள் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. எந்தக் குழந்தைக்குப் பல் வந்தது, கொழுந்து மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா யாரைத் திட்டினார், ஹட்டனில் என்ன படம் ஓடுகிறது. ஒருநாள் அவள், "பட்டிப்பொல ரயில் ஸ்டேசன்ல மேகம் கோச்சிக்குள்ளயே வந்து ஏறுமாமே, நெசமா?" என்று கேட்டாள். அவன் போனதில்லை. "நெசந்தான்," என்று சொல்லிவிட்டு, வழியெல்லாம் அந்த மேகத்தையே நினைத்துக்கொண்டு ஓட்டினான். தோட்டத்தில் எல்லாரும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை. "பாண்காரரே" என்பாள். அது ஏன் என்று அவன் யோசித்ததுண்டு. கேட்டதில்லை.

கடைக்காரர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பத்து மணித் தேத்தண்ணி நேரம் தாண்டிப் பாண் வந்து யாருக்கு என்றார்கள். முதலாளி, கணேசமூர்த்தி பாஸிடம் போய்ச் சத்தம் போட்டார். பாஸ் வலப்பனைப் பக்கம் பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து இரண்டு சின்ன மின்சாரக் காற்றாடிகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். ரேடியேட்டருக்கு முன்புறம், கிரிலுக்குப் பின்னால் இருந்த இடுக்கில், இரும்புப் பட்டை அடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தினார். பெட்டரியிலிருந்து வயர் இழுத்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் வைத்தார்.

"ஏத்தம் வந்தா போடு, எறக்கம் வந்தா அணை. வண்டிய நிறுத்திட்டு ரொம்ப நேரம் ஓட விடாத, பெட்டரி செத்துப்போகும்."

முதல் முறை போட்டபோது காற்றாடிகள் ஜோராகச் சுற்றின. ஆனால் கராஜுக்குள்ளேயே வைத்துப் பார்த்தும் முள் இறங்கவில்லை. பாஸ் முன்னால் நின்று, முகம் துடைக்கும் கைலேஞ்சியை விரித்துப் பிடித்தார். அது அவர் முகத்தைப் பார்த்துப் பறந்தது.

"அடச்சீ, காத்த வெளிய தள்ளுது. வயர மாத்திக் கொடுத்துட்டேன்," என்றார். இரண்டு வயர்களையும் இடம் மாற்றினார். இந்த முறை கைலேஞ்சி கிரிலோடு போய் ஒட்டிக்கொண்டது. முள் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. பாஸ் திருப்தியாக ஒரு பீடி பற்றவைத்தார்.

மறுநாள் வேன் மஞ்சக்கல் ஏற்றத்தில் சூடே இல்லாமல் ஏறியது. முள் நடுவில் அசையாமல் நின்றது. வளைவு வந்தது. நாகலெட்சுமி வாளியை நிரப்பி வைத்துக்கொண்டு பீலிக்கரையில் நின்றாள். நிற்பதற்குக் காரணம் எதுவும் இல்லாததால் கஸ்பர் நிற்கவில்லை. ஹோர்னை மட்டும் அடித்தான். கண்ணாடியில் பார்த்தபோது அவள் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பிறகு பனி வந்து அவளையும் வாளியையும் எடுத்துக்கொண்டது.

கடைகளுக்கு நேரத்துக்குப் பாண் போனது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். கஸ்பருக்கு மட்டும் அன்று மலை அர்த்தமில்லாமல் நீண்டுகொண்டே போனது. பாண் மணம் மணமாக இல்லை. எதையோ எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த நாள் ஏற்றத்தின் தொடக்கத்தில் காற்றாடிகள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. பாதி தூரம் ஏறியதும் கஸ்பரின் விரல் சுவிட்சிடம் போனது. அதை அவன் தீர்மானித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. தூக்கத்தில் புரண்டு படுப்பது மாதிரி விரல் தானாகப் போய் அணைத்தது. ரீங்காரம் நின்றது. முள் எழும்பியது. வளைவில் வேன் அழகாக, பழைய மாதிரியே கொதித்து நின்றது.

"நேத்து நல்லாத்தானே போனீங்க," என்றாள் நாகலெட்சுமி.

"ஆமா. இன்னிக்கு என்னமோ தெரியல."

"ஃபேன் வச்சிருக்குன்னு கடையில சொன்னாங்களே."

"வச்சிருக்கு. சில நேரம் இழுக்க மாட்டேங்குது."

 தேத்தண்ணி வந்தது.

எஞ்சினை நிறுத்திய பிறகு, சூடு தணிய அவன் காற்றாடிகளைப் போட்டுவிடுவான். இரண்டும் சேர்ந்து தேனீக்கூட்டம் மாதிரி ஒரே சுருதியில் முனகும். அந்தச் சத்தத்தில் காம்பராவின் குழந்தைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப் போவதை நாகலெட்சுமிதான் முதலில் கவனித்தாள். அழுதுகொண்டிருந்ததுகூட விரலை வாயில் வைத்துக்கொண்டு கண்ணைச் செருகும். அவள் தொட்டில் கயிற்றை விட்டுவிட்டு வெளியே வந்து, படியில் அவனுக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். பேச்சு தேவைப்படாது. தேயிலைச் சரிவுகள் பனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும், பிறகு அமிழ்ந்துபோகும். கீழே எங்கோ மஸ்கெலியா அணைத் தண்ணீர் ஒரு வெள்ளித் துண்டாகத் தெரியும், மறையும். பெட்டரி செத்துவிடும் என்ற பயத்தில் அவன் எழுந்துபோய் அணைக்கும்போது, ஏதோ ஒரு கனவை நடுவில் நிறுத்துவதுபோல் இருக்கும்.

மாதங்கள் இப்படிப் போயின. கடைக்காரர்கள் மறுபடி முணுமுணுத்தார்கள். கஸ்பர் விடியலில் இன்னும் முந்திக் கிளம்பி அதைச் சரிக்கட்டினான்.

தை பிறந்ததும் ஒருநாள் நாகலெட்சுமி தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணன் ஒப்பந்தத்துல எழுதிக் கேட்ட இந்தியப் பாஸ்போட் வந்திருச்சு. மாசியில இந்தியாவுக்குப் போறோம். திருச்சிப் பக்கம்."

"நீங்களுமா?"

"நானும் அந்தக் குடும்பத்துலதானே இருக்கேன். எம் பேரும் அதுல இருக்கு."

கஸ்பர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.  "அங்க வெயில் ஜாஸ்தியாம்," என்றான். "ஆமா, சொல்றாங்க," என்றாள் அவள். அவ்வளவுதான்.

அவன் வேனை எடுத்தான். பனி அன்று அடர்த்தியாக இருந்தது. அதற்குள் ஒரு ஊர் தெரிந்தது. வெயில், மண்சாலை, அந்தச் சாலையில் நடந்துபோகும் நாகலெட்சுமி. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். முள்ளைப் பார்க்கவில்லை. காற்றாடிகளைப் போட மறந்திருந்தான். இந்த முறை அது வேண்டுமென்று மறந்ததல்ல. கடைசிக் கடைக்குக் கீழே எஞ்சினுக்குள் ஏதோ சட்டென்று விட்டுப்போனது. வெள்ளைப் புகை கிளம்பி வேனை முழுக்க மூடியது. எது பனி எது புகை என்று அன்றும் தெரியவில்லை.

தோட்டத்து லொறி ஒன்று வேனைக் கட்டி இழுத்து ஹட்டனுக்குக் கொண்டுவந்தது. கணேசமூர்த்தி பாஸ் எஞ்சினின் தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடையில் வைக்கும் தகடு எரிந்துபோய், தலையும் ஒரு நூல் வளைந்திருந்தது.

"ஃபேன் ரெண்டும் சொகமா இருக்கு. வயரும் சரி. சுவிட்ச் போடலையா நீ?"

கஸ்பர் குனிந்து வயரைத் தடவினான். பாஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கஸ்பர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். வளைவு, வாளி, தொட்டில்கள், மாசி மாசம். பாஸ் சிரிக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏய்யா, ஒரு எடத்துல வண்டிய நிறுத்தணும்னா அதுக்குப் பிரேக்குன்னு ஒன்னு வச்சிருக்கான். தெரியுமா ஒனக்கு?"

வளைந்த தலையைத் தேய்த்துச் சீராக்கி, புதுத் தகடு வைத்து வண்டி வெளியே வர மாசி நெருங்கிவிட்டது. அத்தனை நாளும் கஸ்பர் கராஜில்தான் கிடந்தான். படுத்தால் கண்ணுக்குள் வெறும் ரோடு வந்துகொண்டிருந்தது, வளைவு மட்டும் வரவில்லை.

வேன் கிடைத்த மறுநாள் ஏற்றம் தொடங்கியதும் சுவிட்சைப் போட்டான். அதை அணைக்க விரல் இந்த முறை அந்தப் பக்கமே போகவில்லை. முள் நடுவில் நின்றது. பனி விலகி, மலை கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. வளைவு வந்ததும் பிரேக்கை மிதித்து வேனை ஓரங்கட்டினான்.

நாகலெட்சுமி வாளியோடு வந்தாள். வேனின் மூக்கைப் பார்த்தாள். ஆவி இல்லை, குமுறல் இல்லை.

"கொதிக்கலையே," என்றாள்.

"இல்ல. கொதிக்கல."

"அப்புறம் எதுக்கு நிறுத்துனீங்க?"

"நிறுத்தணும்னு தோணுச்சு." வேனின் மூக்கில் கையை வைத்து, "முன்னாடி கொதிச்சதெல்லாம் நானா கொதிக்க வச்சதுதான். ஃபேன அணைச்சுட்டு வருவேன்," என்றான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அது தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"இங்கேருந்து மேலதானே கூடுன ஏத்தம். முந்தி கடைசிக் கடைகிட்டயும் கொதிக்கும்னு சொல்வீங்க. ஃபேன் வச்சதுக்கப்புறம், வண்டி ஒடஞ்ச அன்னிக்கு வரைக்கும் அங்க ஒருநாளும் நிக்கலன்னு அண்ணன் சொல்லுச்சு. லேசான ஏத்தத்துல கொதிக்கிற வண்டி கடுசான ஏத்தத்துல எப்படிங்க கொதிக்காமப் போகும்?" அவள் தரையைப் பார்த்தாள். "நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. சரி, போயிர வேண்டியதுதான்னு இருந்தேன்."

பீலித் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே ஒரு குழந்தை சிணுங்கிவிட்டு அடங்கியது.

"போகாதீங்க," என்றான் கஸ்பர்.

 அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணங்கிட்ட நான் பேசுறேன். நீங்க நாளைக்கும் நிறுத்துங்க," என்றாள்.

மறுநாள் வளைவில் செல்லசாமி நின்றிருந்தார். கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார். வேனைச் சுற்றிவந்தார். கிரிலுக்கு முன்னால் குனிந்து, சுற்றிக்கொண்டிருந்த காற்றாடிகளைப் பார்த்தார். கையை நீட்டி அவை காற்றை உள்ளே இழுப்பதைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"எங்க வீட்டுப் புள்ள மாரியம்மனக் கும்புடும்," என்றார் கடைசியில்.

"கும்புடட்டுங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

"ஒங்க பக்கம் சாமியார் ஏதும் சொல்வாரா?"

"சொன்னா நான் கேட்டுக்கிறேன். அந்தப் பேச்சு அவங்ககிட்ட வராது."

செல்லசாமி தலையசைத்தார். அது சம்மதமா, கேட்டுக்கொண்டதா என்று கஸ்பருக்கு விளங்கவில்லை. அவர் சரிவுப் பக்கம் திரும்பினார். "அவ அங்க வந்தாலும் எங்க நெழலுலதான் இருப்பா. இங்கயாவது அவளுக்குன்னு ஒன்னு இருக்கட்டும்," என்றார்.  பாஸ்போர்ட் வந்தவர்கள் எல்லோரும் போய்விடவில்லை, எத்தனையோ பேர் நின்றும் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொல்லிக்கொண்டே லயத்துப் பாதையில் ஏறிப் போனார்.

மாசியில் கஸ்பர் முதலாளியிடம் வேனைக் கேட்டு வாங்கி, செல்லசாமி குடும்பத்தையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஹட்டன் ஸ்டேசனுக்குக் கொண்டுபோனான். முன்னால் நாகலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். முந்திய வாரம்தான் பதிவுக் கல்யாணம் ஆகியிருந்தது. பின்னால் யாரோ அழுவதும், யாரோ அடக்குவதுமாக இருந்தது. டிக்கோயாவைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும்போது கஸ்பர் சுவிட்சைப் போட்டான். இன்று கோச்சி தவறக்கூடாது என்பதைத் தவிர அவன் மனதில் வேறு எதுவும் இல்லை.

ஸ்டேசன் முழுக்க அழுகையாக இருந்தது. இந்தியக் கப்பலுக்காக மன்னாருக்குப் போகும் பெட்டிகளின் ஜன்னல்தோறும் கைகள். கீழே நிற்பவர்கள் அந்தக் கைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லசாமி ஜன்னலில் தலையை நீட்டி, என்னென்னவோ சொல்ல வாயெடுத்து, "விட்டுட்டு வந்த கோழி ரெண்டையும் அடைச்சு வையி, நாகு. கீரி வருது," என்று மட்டும் சொன்னார். கோச்சி அசைந்தது. நாகலெட்சுமி ஜன்னலோடு நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள், மேடை முடிகிற இடத்தில் நின்றாள். கோச்சியின் கடைசிப் பெட்டி வளைந்து பனிக்குள் போனது. தண்டவாளம் சற்று நேரம் ஈரமாகப் பளபளத்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

கஸ்பர் அவளுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் நின்றான். கூப்பிடவில்லை. கூட்டம் கரைந்து, போர்ட்டர் மேடையைக் கூட்ட ஆரம்பித்த பிறகுதான் அவள் திரும்பினாள். கண்கள் வீங்கியிருந்தன. அவனருகே வந்து நின்று, அவன் முகத்தைப் பார்க்காமல், "பசிக்குது," என்றாள்.

ஸ்டேசனுக்கு எதிரே இருந்த சைவக் கடையில் தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. அவர்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள்.